பட்டா இல்லாத பிக்சல்

2017 ஏப்ரல் முதல் தேதி ரெடிட் தளம் தன் பயனர்களுக்கு ஒரு வெற்றுப் பலகையைத் திறந்துவிட்டது. அகலத்தில் ஆயிரம் கட்டம், உயரத்தில் ஆயிரம் கட்டம், ஆக மொத்தம் பத்து லட்சம் பிக்சல். வண்ணங்கள் பதினாறு. ஏற்கெனவே கணக்கு வைத்திருந்த யாரும் எந்தக் கட்டத்திலும் ஒரு வண்ணத்தை வைக்கலாம். அங்கே வேறொருவர் வைத்திருந்தால் அதன் மேலேயே வைக்கலாம். ஒன்று வைத்துவிட்டால் அடுத்ததற்கு ஐந்து நிமிடம் முதல் இருபது நிமிடம் வரை காத்திருக்க வேண்டும். விதி இவ்வளவுதான். 'பிளேஸ்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

72 மணி நேரம் கழித்துப் பலகை மூடப்பட்டபோது பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரு கோடியே அறுபது லட்சத்துக்கும் அதிகமான பிக்சல்களை வைத்திருந்தார்கள். மோனா லிசா இருந்தாள், வான் கோவின் நட்சத்திர இரவு இருந்தது, லினக்ஸின் பெங்குயின் இருந்தது. நாட்டுக் கொடிகள், கால்பந்துக் கழகச் சின்னங்கள், கணினி விளையாட்டுப் பாத்திரங்கள், வானவில் நிறத்தில் வளைந்தோடும் ஒரு சாலை எல்லாம் இடைவெளியின்றி நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. முகம் தெரியாத லட்சக்கணக்கானோர் கூடி ஓவியம் வரைந்துவிட்டார்கள் என்று உலகப் பத்திரிகைகள் வியந்தன. வியக்க வேண்டியதுதான். ஆனால் அந்த மூன்று நாளில் நடந்ததற்கு 'வரைதல்' என்று பெயர் சொல்வது பொருந்துமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்று, தூங்காமல் உண்ணாமல் ஒருவர் 72 மணி நேரமும் உட்கார்ந்திருந்தாலும் அவரால் 864 பிக்சல்தான் வைக்க முடியும். முப்பதுக்கு முப்பது அளவில் ஒரு சின்னப் படத்துக்கே 900 வேண்டும். ஒருவருடைய முழு உழைப்பும் ஒரு தபால்தலையை நிரப்பப் போதாது. அந்தத் தபால்தலையையும் இடையில் யாரும் அழிக்காமல் இருக்க வேண்டும். அழிக்காமல் இருந்தார்களா? பத்து லட்சம் கட்டங்களில் ஒரு கோடியே அறுபது லட்சம் முறை வண்ணம் விழுந்தது என்றால், சராசரியாக ஒவ்வொரு கட்டமும் பதினாறு முறை பூசப்பட்டிருக்கிறது. இறுதியில் கண்ணுக்குத் தெரிவது பதினாறாவது பூச்சு. முந்தைய பதினைந்தும் அதற்கு அடியில் போய்விட்டன. ஆக, வரைவதற்குச் செலவான உழைப்பு குறைவு, வரைந்ததைக் காப்பாற்றவும் பிறர் வரைந்ததை அழிக்கவும் செலவான உழைப்பே மிகுதி.

நம் ஊரில் இதற்குச் சரியான சொல் இருக்கிறது. அந்தப் பலகை ஒரு புறம்போக்கு நிலம். யாருக்கும் பட்டா கிடையாது, அனுபோகம் மட்டுமே உண்டு. கட்டத்தை யார் முதலில் பிடித்தார் என்பது எந்த உரிமையையும் தராது. தினமும் வந்து வேலியைச் சரிபார்ப்பவருக்கே அந்த இடம்.

இந்த ஏற்பாட்டை யோசித்தவர் ஜாஷ் வார்டில், ரெடிட்டில் வேலை பார்த்த, நுண்கலை படித்த வேல்ஸ்காரர். 2015இல் 'பட்டன்' என்ற ஒரு சோதனையை அவர்தான் நடத்தியிருந்தார். 60 வினாடியிலிருந்து இறங்கும் கடிகாரம், அதை மீண்டும் அறுபதுக்குக் கொண்டுபோகும் ஒரு பொத்தான், ஒவ்வொருவரும் ஒரே ஒருமுறைதான் அழுத்தலாம். அதற்கே பத்து லட்சம் பேர் வந்து அழுத்தினார்கள். எப்போது அழுத்துவது, அழுத்தலாமா கூடாதா என்பதை வைத்துக் குழுக்களும் கொள்கைகளும் கிளம்பின. பின்னாளில் வார்டில் செய்ததுதான் நாளுக்கு ஒரு சொல் மட்டும் தரும் 'வேர்டில்'. 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் அதை வாங்கிக்கொண்டது. மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அவருடைய கைவரிசை புரியும். ஆசைப்படும் அளவுக்குத் தரமாட்டார். அளந்து தருவார். அந்தப் பற்றாக்குறைதான் மனிதர்களைப் பேச வைக்கிறது.

பற்றாக்குறையை விலையாக்கிய முன்னோடி ஒன்று உண்டு. 2005 ஆகஸ்டில் அலெக்ஸ் டியூ என்ற 21 வயது ஆங்கிலேய மாணவர், படிப்புச் செலவுக்காக 'மில்லியன் டாலர் ஹோம்பேஜ்' என்ற பக்கத்தைத் தொடங்கினார். அதுவும் ஆயிரத்துக்கு ஆயிரம்தான். பிக்சலுக்கு ஒரு டாலர், குறைந்தது நூறு பிக்சல் வாங்க வேண்டும். ஐந்து மாதத்திற்குள் எல்லாம் விற்று, கடைசி ஆயிரம் பிக்சல் ஏலத்துக்குப் போய், மொத்தம் 10,37,100 டாலர் வந்தது. அங்கே ஒவ்வொரு பிக்சலுக்கும் பட்டா இருந்தது. வாங்கியவர் மாற்றவும் வேண்டாம், காக்கவும் வேண்டாம். விளைவு, விளம்பரச் சுவரொட்டிகளால் மூடப்பட்ட ஒரு சுவர். அந்த விளம்பரங்கள் சுட்டிய தளங்கள் பல மறைந்துபோயின, படம் மட்டும் அசையாமல் நிற்கிறது. பிளேஸ் அதே அளவு நிலத்தை எடுத்துக்கொண்டு பணத்தை நீக்கிவிட்டுக் காலத்தைப் போட்டது. காத்திருப்பு ஒன்றே கட்டணம், அது செல்வந்தருக்கும் மாணவருக்கும் ஏறத்தாழ ஒன்றே.

இதன் தொழில்நுட்ப அடித்தளம் வியப்பூட்டும் அளவுக்கு எளிது. ரெடிட்டின் பொறியாளர்கள் அந்த ஏப்ரலிலேயே அதை விளக்கி எழுதினார்கள். பதினாறு வண்ணத்தைக் குறிக்க நான்கு பிட் போதும், எனவே ஒரு பைட்டில் இரண்டு பிக்சல் அடங்கும். பத்து லட்சம் பிக்சலுக்கு ஐந்து லட்சம் பைட், அதாவது அரை மெகாபைட். கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்தைவிடச் சிறியது. ஒரே நேரத்தில் ஒரு லட்சம் பேர் வந்தால் தாங்க வேண்டும், ஐந்து நிமிடத்துக்கு ஒருவர் ஒன்று வைத்தால் வினாடிக்கு 333 மாற்றங்கள் வரும் என்று கணக்கிட்டுக் கட்டினார்கள். பலகையின் நடப்பு நிலை ரெடிஸ் என்ற நினைவகத் தரவுத்தளத்தில் இருந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் கடைசியாக யார், எப்போது வைத்தார் என்ற விவரம் கசாண்ட்ரா என்ற இன்னொரு தரவுத்தளத்தில் இருந்தது. இரண்டு பேர் ஒரே கட்டத்துக்குப் போட்டியிட்டால் கடைசியாக வந்தவர் வெல்வார். நீதிமன்றம், நடுவர், முறையீடு எதுவும் கிடையாது. கடைசியாக வந்தவரே உடையவர் என்ற அந்த ஒற்றை விதியிலிருந்துதான் மற்றதெல்லாம் முளைத்தன.

முதலில் முளைத்தது நிறம். வலது கீழ் மூலையை நீலமாக்குவோம் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. 'நீல மூலை' என்று பெயர். அதற்கு எந்த வரைபடமும் தேவையில்லை. பக்கத்துக் கட்டம் நீலமா, நீயும் நீலம் வை, அவ்வளவுதான். சிவப்பு மூலைக்காரர்கள் வந்தார்கள், பச்சைக் கட்டங்களை இடைவிட்டு நெய்யும் கூட்டம் வந்தது. இவை வேகமாகப் பரவக் காரணம், சேர்வதற்கு எதுவும் கற்க வேண்டியதில்லை என்பதே. ஆனால் நீலம் பரவிய வழியில் யாரோ வரைந்திருந்த ஒரு சின்னப் படம் குறுக்கிட்டபோது ஒரு கேள்வி எழுந்தது. அதை விழுங்குவதா, சுற்றிக்கொண்டு போவதா? வண்ணக் கூட்டங்கள் பல நாளடைவில் சுற்றிக்கொண்டு போகக் கற்றன. வானவில் சாலைக்காரர்கள் தங்கள் பாதையில் பிறர் படங்களுக்கு இடம்விட்டு வளைந்தார்கள். பக்கத்துப் படத்தின் சொந்தக்காரர்களோடு பேசி, நீ என்னைத் தொடாதே, நான் உன்னைத் தொடமாட்டேன், மூன்றாமவன் வந்தால் சேர்ந்து விரட்டுவோம் என்று ஒப்பந்தம் போட்டார்கள். தூதர்கள் நியமிக்கப்பட்டார்கள். எந்தக் கட்டத்தில் எந்த வண்ணம் என்று ஆயத்தொலைவுகளோடு அட்டவணைகள் தயாராயின.

இந்த அரசியலின் புகழ்பெற்ற காட்சி ஜெர்மனிக்கும் பிரான்சுக்கும் இடையில் நடந்தது. ஜெர்மன் கொடி வளர்ந்து வளர்ந்து பக்கத்திலிருந்த பிரெஞ்சுக் கொடிமேல் ஏறியது. இருபதாம் நூற்றாண்டு வரலாறு தெரிந்தவர்களுக்கு இதைவிட விளக்கம் வேண்டாம், நகைச்சுவையாகவும் கோபமாகவும் சண்டை தொடங்கியது. முடிவில் இரு கொடியும் சந்திக்கும் இடத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் கொடியும் ஒரு வெள்ளைப் புறாவும் வரையப்பட்டன. இதை ஒரு சமாதானக் கதையாகச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் சுவையானது வேறு. ஒன்றியக் கொடியை வரைந்த பிறகு அந்த இடத்தைத் தாக்குவது இரு தரப்புக்குமே கௌரவக் குறைவாகிவிட்டது. எல்லைக்கோட்டைக் காவல் காக்கும் வேலையை ஒரு சின்னத்திடம் ஒப்படைத்துவிட்டு, காவலாளிகள் மற்ற எல்லைகளுக்குப் போனார்கள். ஆளில்லாத வேலி என்று அதைச் சொல்லலாம்.

எல்லோருக்கும் எதிரியாக இருந்தது 'வெறுமை' என்ற கருப்புக் கூட்டம். படங்களைத் தின்றுகொண்டே கருப்புக் கிளைகள் பலகையில் படர்ந்தன. நடுவிலிருந்த அமெரிக்கக் கொடியைக் கடைசிக் கட்டத்தில் அவர்கள் எரிப்பதுபோல் கருக்க, பிற குழுவினரும் திரண்டுவந்து அதை மீட்டுக் கட்டினார்கள். வெறுமைக்காரர்களை வில்லன்களாகத்தான் அன்று பேசினார்கள். ஆனால் அவர்கள் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்க வேண்டும். முதல் நாள் மாலைக்குள் வந்தவர்கள் வளைத்துப் போட்ட இடம் மூன்றாம் நாளும் அவர்களிடமே இருந்திருக்கும். அழிவுதான் புதியவர்களுக்கு மனை பிரித்துக் கொடுத்தது.

ஆய்வாளர்கள் இதை விட்டுவைக்கவில்லை. ரெடிட் முழுத் தரவையும், பயனர் பெயர்களை மறைத்து, பொதுவில் வெளியிட்டது. எந்த நொடியில், எந்தக் கட்டத்தில், எந்தக் கணக்கு, எந்த வண்ணம் வைத்தது என்ற விவரம் அது. சமூக அறிவியலில் இப்படி ஒரு பதிவு கிடைப்பது அபூர்வம். சுவிட்சர்லாந்தின் லோசான் கூட்டரசுத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ரப்பாஸும் உடனிருந்தவர்களும் 2018இல், யார் யாருடைய வண்ணத்தை உறுதிசெய்தார்கள், யாருடையதை மறுத்தார்கள் என்ற தடத்தை மட்டும் வைத்து, மறைந்திருக்கும் கூட்டணிகளைக் கண்டெடுக்க முயன்றார்கள். அதே ஆண்டு முல்லர், வின்டர்ஸ் என்ற இருவர், பலகையின் படத்தைச் சுருக்கும்போது கோப்பு எவ்வளவு சிறிதாகிறது என்று நேரவாரியாக அளந்து, பண்பாட்டுப் பரிணாமத்தின் கேள்வியாக அதை அணுகினார்கள்.

ஆஸ்லோ பல்கலைக்கழகத்தின் லிதர்லாண்ட், மோர்க் இருவரும் 2021இல் எழுப்பிய கேள்வி எனக்கு மையமானதாகப் படுகிறது. இந்தப் படங்கள் தாமாக உருவானவையா, கட்டளைப்படி உருவானவையா? தாமாக உருவாவதற்கு உயிரியலில் பழைய உதாரணம் உண்டு. 1959இல் பிரெஞ்சு விலங்கியலாளர் பியர்-பால் கிராஸே, கரையான்கள் எப்படிப் புற்று கட்டுகின்றன என்பதை விளக்க ஒரு கருத்தை வைத்தார். கரையான்கள் ஒன்றுக்கொன்று உத்தரவு போடுவதில்லை. முந்தைய கரையான் வைத்துச் சென்ற மண்ணுருண்டையே அடுத்ததற்கான தூண்டுதல். நீல மூலை முழுக்க முழுக்க இந்த வகை. ஆனால் மோனா லிசாவின் கண்ணிமையை இப்படி வைக்க முடியாது, பக்கத்துப் பிக்சலைப் பார்த்து அடுத்தது என்ன நிறம் என்று யாரும் ஊகிக்க இயலாது. அங்கே வரைபடம் வேண்டும், வரைபடத்தை முடிவுசெய்ய ஆள் வேண்டும், அதை ஏற்கும் ஒழுங்கும் வேண்டும். படம் எந்த அளவுக்கு நுணுக்கமாகிறதோ அந்த அளவுக்கு அதன் பின்னால் ஒரு நிர்வாகம் இருக்கிறது என்றே வாசிக்கலாம். ஒரு சின்னத்தின் கோடுகள் கச்சிதமாக இருந்தால், அங்கே யாரோ அட்டவணை போட்டு ஆள் நிறுத்தியிருக்கிறார்கள்.

2022 ஏப்ரலில் பிளேஸ் திரும்ப வந்தபோது இந்த நிர்வாகம்தான் பெருத்திருந்தது. பலகை இரு முறை விரிந்து 2000க்கு 2000 ஆனது, வண்ணங்கள் 32 ஆயின. ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் 16 கோடி பிக்சல் வைத்தார்கள். வகுத்துப் பார்த்தால் தலைக்குப் பதினைந்துதான், கிட்டத்தட்ட 2017இல் இருந்த அதே அளவு. தனிமனிதரின் பங்கு மாறவில்லை. அவரை வழிநடத்தும் கருவிகளே மாறின. டிஸ்கார்ட் என்ற உரையாடல் தளத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். உலாவியில் ஒரு சிறு நிரலைப் பொருத்தினால் பலகையின் மேல் உங்கள் குழுவின் வரைபடம் புள்ளிகளாகத் தெரியும், எங்கே தவறான நிறம் இருக்கிறதோ அங்கே சொடுக்கினால் போதும். இன்னும் ஒரு படி போய், சொடுக்கும் வேலையையும் 'பாட்' எனப்படும் தானியங்கி நிரல்கள் எடுத்துக்கொண்டன. புதிதாகத் திறந்த கணக்குகளும் இந்த முறை அனுமதிக்கப்பட்டதால் அதற்குத் தடையும் இல்லை.

அதோடு ட்விட்ச் நேரலைக்காரர்கள் வந்தார்கள். லட்சக்கணக்கானோர் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒருவர் "அந்த மூலையைக் கருப்பாக்குங்கள்" என்றால் சில நிமிடத்தில் அது கருப்பாகும். கனடாவின் எக்ஸ்க்யூசி, பிரான்சின் காமெட்டோ, ஸ்பானிய மொழி நேரலைப் பிரபலங்கள் எல்லோரும் படை திரட்டினார்கள். இடது கீழ்ப் பகுதியில் பரந்த பிரெஞ்சுக் கொடிக்காக இரவெல்லாம் போர் நடந்தது. விளையாட்டு எவ்வளவு தூரம் போயிற்று என்றால், தனக்குக் கொலை மிரட்டல்கள் குவிவதாக எக்ஸ்க்யூசி நேரலையிலேயே சொன்னார். 2017இல் ஒரு படத்தைக் காக்க அக்கம்பக்கத்தாரோடு பேச வேண்டியிருந்தது. 2022இல் செல்வாக்குள்ள ஒருவரைத் தெரிந்திருந்தால் போதும். இது எனக்கு உவப்பாக இல்லை, ஆனால் எந்தப் புறம்போக்கிலும் காலப்போக்கில் நடப்பதுதான்.

இரண்டு விஷயங்கள் அந்த ஆண்டை ரசிக்க வைத்தன. கனடாக்காரர்கள் தங்கள் கொடியிலுள்ள மேப்பிள் இலையை எப்படி வரைவது என்று தங்களுக்குள்ளேயே ஒத்துப்போக முடியாமல் மணிக்கணக்கில் ஒருவர் திருத்தத்தை இன்னொருவர் திருத்திக்கொண்டிருந்தார்கள். இலை நொடிக்கு ஒரு வடிவம் எடுத்தது. எதிரி யாரும் தேவைப்படவில்லை. மற்றொன்று, 'அமங் அஸ்' விளையாட்டின் குட்டி உருவம். கையளவு பிக்சலில் அடையாளம் காணக்கூடிய உருவம் என்பதால் அதை எவர் கொடிக்குள்ளும் நுழைக்க முடிந்தது. அந்தக் கொடியின் நிறத்திலேயே, சற்று மங்கலாக, வரிசை வரிசையாக நின்றன. கொடிக்காரர்கள் அவற்றை விரட்டவில்லை, தங்கள் வரைபடத்திலேயே சேர்த்துக்கொண்டார்கள். வீட்டுக்காரரின் நிறத்தை அணிந்துகொண்ட குடித்தனக்காரர்கள்.

அந்த ஆண்டின் தரவை இறக்கிப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். கோடிக்கணக்கான வரிகளில் ஒவ்வொன்றிலும் இரண்டு எண்கள், ஒரு கட்டத்தின் இடத்தைச் சொல்பவை. மிகச் சில வரிகளில் மட்டும் நான்கு எண்கள் இருக்கும். அவை தனிப் பிக்சல்கள் அல்ல, செவ்வகங்கள். ஆபாசத்தை மறைக்க நிர்வாகம் ஒரே அடியில் ஒரு பரப்பை முழுவதும் பூசிய இடங்கள் அவை. நோக்கம் நியாயமானதே. ஆனாலும் எனக்கு இந்தத் தரவிலேயே மிக முக்கியமான வரிகள் அவைதான். ஒரு கோடிப் பேர் ஐந்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி வைத்துக்கொண்டிருந்த இடத்தில், காத்திருக்கத் தேவையில்லாத ஒரு கை இருந்தது. புறம்போக்கு என்று நாம் நினைத்த நிலத்துக்கு உண்மையில் பட்டாதாரர் உண்டு. இறுதி மணி நேரத்தில் பட்டாதாரர் வெளிப்படையாகவே வந்தார். வண்ணங்கள் எல்லாம் எடுக்கப்பட்டு வெள்ளை மட்டும் மிஞ்சியது. வேறு எதையும் வைக்க முடியாத நிலையில் அதே பயனர்கள் தாங்கள் கட்டியதையெல்லாம் தங்கள் கையாலேயே வெளுத்தார்கள். அழகான முடிவு என்று பலர் நெகிழ்ந்தார்கள். அழகுதான். முடிவெடுத்தது யார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

2023 ஜூலையில் அதைப் பயனர்களே சொன்னார்கள். அந்தக் கோடையில் ரெடிட், தன் தரவை வெளிச் செயலிகள் எடுப்பதற்குப் பெருங்கட்டணம் விதித்தது. பலர் விரும்பிய அப்போலோ செயலி, ஆண்டுக்கு இரண்டு கோடி டாலர் ஆகும் என்று கணக்குச் சொல்லி, ஜூன் 30ஆம் தேதி மூடிக்கொண்டது. ஜூன் 12 முதல் ஆயிரக்கணக்கான குழுக்கள் கதவடைத்துப் போராடின. நிறுவனம் இறங்கி வரவில்லை. அந்தக் கசப்பு ஆறுமுன் ஜூலை 20 அன்று பிளேஸ் மூன்றாம் முறை திறக்கப்பட்டது. திருவிழா நடத்தினால் ஊர் சமாதானமாகிவிடும் என்று நினைத்தார்கள் போலும். தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் ஹஃப்மனின் தளப் பெயரைச் சொல்லி வசைபாடும் இரண்டு சொற்கள் பல மொழிகளில், பலகையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை எழுதப்பட்டன. பிரெஞ்சுக்காரர்கள் தலைவெட்டும் கில்லட்டின் இயந்திரத்தையே வரைந்தார்கள். ஒரு நிறுவனம் தன் இடத்தில், தன் கருவியால், தன் மீதான வசையை ஆவணப்படுத்திய நிகழ்ச்சி அது. ஐந்து நாள் கழித்து அதுவும் வெள்ளையாக்கப்பட்டது. 2024 மார்ச்சில் ரெடிட் நியூயார்க் பங்குச் சந்தையில் இறங்கியது. 2024, 2025 ஏப்ரல்களில் பிளேஸ் வரவில்லை.

யோசனை மட்டும் அங்கே நிற்கவில்லை. 2017க்குப் பிறகே இதைப் பின்பற்றிச் சிறு தளங்கள் பல தோன்றின. 2018இல் 'சதோஷி பிளேஸ்' என்ற ஒன்று, காத்திருப்பை நீக்கிப் பிக்சலுக்கு ஒரு சதோஷி, அதாவது பிட்காயினின் பத்துக் கோடியில் ஒரு பங்கு, என்று விலை வைத்தது. பெரிய வாரிசு 2025 ஜூலையில் பிரேசிலிலிருந்து வந்தது. 'டபிள்யூபிளேஸ்' என்ற அந்தத் தளத்தில் பலகை என்பது உலக வரைபடமே. 30 வினாடிக்கு ஒரு பிக்சல் சேரும், உங்கள் தெருவின் மேலேயே வரையலாம். சில நாளில் லட்சக்கணக்கானோர் குவிந்ததில், அந்த வரைபடத்தை இலவசமாக வழங்கிய ஓபன்ஃப்ரீமேப் என்ற தன்னார்வச் சேவை வினாடிக்கு ஒரு லட்சம் வேண்டுகோள்களைச் சந்தித்துத் திணறியது. இடப் பற்றாக்குறை ஏறக்குறைய ஒழிந்துவிட்டதால் அங்கே சண்டை குறைவு, சண்டை குறைந்ததால் ஒப்பந்தமும் குறைவு. நகர மையங்களில் மட்டும் நெருக்கடி, மற்ற இடங்களில் அவரவர் தோட்டம். கடல் முழுவதும் காலியாகக் கிடக்கும்போது பக்கத்து வீட்டுக்காரனோடு எதற்குப் பேச வேண்டும்?

அதோடு அங்கே கடை உண்டு. காசு கொடுத்தால் கூடுதல் பிக்சல் கிடைக்கும். சேவையகச் செலவுக்கு வேறு வழி என்ன என்று கேட்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 2017இல் புதிதாக இருந்தது பிக்சல் அல்ல. டியூ அதைப் பன்னிரண்டு ஆண்டு முன்பே விற்றுவிட்டார். புதிதாக இருந்தது, எவ்வளவு காசு வைத்திருந்தாலும் அடுத்த பிக்சலுக்கு ஐந்து நிமிடம் ஆகும் என்ற கண்டிப்பு. அந்தக் கண்டிப்பால்தான் ஒருவருக்கு இன்னொருவர் தேவைப்பட்டார். அதை எடுத்துவிட்ட எந்தத் தளமும் பிளேஸின் வாரிசு என்று சொல்லிக்கொள்ளத் தகுதி பெறாது என்பதே என் முடிவு. இதை ஆராய விரும்பும் மாணவர்கள் இறுதிப் படத்திலிருந்து தொடங்காதீர்கள். 2017, 2022 இரு ஆண்டுகளின் முழுத் தரவையும் ரெடிட் பொதுவில் வெளியிட்டிருக்கிறது. ஏதாவது ஒரு சின்னப் படத்தை, புகழில்லாத ஒன்றை, எடுத்துக்கொண்டு அது எத்தனை முறை உடைந்தது, எத்தனை கணக்குகள் திரும்ப வந்து கட்டின என்று மட்டும் எண்ணிப் பாருங்கள்.